பக்கத்தினுள்ளே ஒரு பதிவேடு: உலாவி வழுகாண் கருவிகளின் வரலாறு குறித்து

கணினியின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் பொறிகளின் வேகத்தையும் நினைவகங்களின் கொள்ளளவையும் பெரும் வணிக நிறுவனங்களின் எழுச்சி வீழ்ச்சிகளையுமே பேசுவர். நிரல் எழுதியவர் தாம் எழுதியது ஏன் இயங்கவில்லை எனத் திகைத்து நின்ற பொழுதுகள் அவ்வரலாறுகளில் இடம்பெறுவது அருமை. ஆயினும் நிரலாக்கம் என்னும் தொழிலின் பெரும் பகுதி அத்திகைப்பிலேயே கழிந்துள்ளது. பொறியினுள் நிகழ்வதைக் கண்ணாற் காண்பதற்கு மனிதர் எவ்வெவ் வழிகளை வகுத்தனர் என்பது தனியே ஆராயத்தக்கதொரு பொருளாகும். அதன் ஒரு கிளையை, அதாவது உலாவியினுள் இயங்கும் நிரல்களின் நடத்தையை அவ்வுலாவியின் திரையிலேயே பதிந்து காட்டும் கருவிகளின் வரலாற்றை, இக்கட்டுரை நோக்க முற்படுகின்றது.

இக்கருவிகள் குறித்துப் பொதுவாக நிலவும் கருத்து எளிமையானது. தொடக்கத்தில் நிரலாளர் தாமே பக்கத்தின் மூலையில் ஒரு பெட்டியை வரைந்து அதிற் செய்திகளை எழுதிப் பார்த்தனர். பின்னர் உலாவிகளே நிறைவான கருவிகளைத் தம்முள் கொண்டு வந்தன. ஆகவே முன்னையது வழக்கொழிந்தது என்பர். இக்கருத்தில் உண்மை பாதியே உண்டு. மறுபாதியைக் காண்பதற்கு உலாவிகள் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டு முன்னர்ச் செல்லுதல் வேண்டும்.

ஆங்கிலத்தில் வழுவைப் ‘பூச்சி’ என அழைக்கும் வழக்குக் கணினியுடன் பிறந்ததன்று. 1878ஆம் ஆண்டிலேயே தோமஸ் எடிசன் தமது கருவிகளில் எழும் சிறு குறைகளை அச்சொல்லாற் சுட்டிக் கடிதம் எழுதியுள்ளார். 1947ஆம் ஆண்டு செப்ரெம்பர் 9ஆந் திகதி ஹார்வார்ட் பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்னும் பொறியின் றிலே ஒன்றினுள் அந்துப்பூச்சியொன்று சிக்கியிருக்கக் கண்ட பணியாளர், அதனை எடுத்துத் தம் நாட்குறிப்பேட்டில் ஒட்டி, மெய்யாகவே பூச்சியொன்று அகப்பட்ட முதற் சந்தர்ப்பம் இது என்ற பொருள்பட எழுதிவைத்தனர். சொல் முன்னரே வழங்கியிராவிடின் இந்நகைச்சுவைக்கு இடமில்லை. கிறேஸ் ஹொப்பர் இக்கதையைப் பலவிடத்துஞ் சொல்லிப் பரப்பியமையால் அப்பூச்சியை அவரே கண்டுபிடித்தார் எனப் பலர் எழுதிவிட்டனர், அது சரியன்று. இன்று அமெரிக்கத் தேசிய வரலாற்று நூதனசாலையிற் பேணப்படும் அவ்வேட்டில் நம் கவனத்துக்குரியது பூச்சியன்று, ஏடேயாம். நேரம் குறிக்கப்பட்டு, நிகழ்ந்தது வரிவரியாக எழுதப்பட்டு, சான்று அருகே ஒட்டப்பட்டுள்ளது. பிற்காலத்து வழுகாண் கருவிகள் யாவும் செய்ய முயன்றது இதனையே.

பதிவேட்டைக் குறிக்கும் ‘லொக்’ என்னும் ஆங்கிலச் சொல்லுங் கடலோடிகளிடமிருந்து வந்தது. முடிச்சிட்ட கயிற்றில் மரக்கட்டையொன்றைக் கட்டிக் கடலில் எறிந்து கப்பலின் வேகத்தை அளந்தனர். அவ்வளவைக் குறித்துவைத்த ஏடு அக்கட்டையின் பெயரையே பெற்றது. கப்பலை நிறுத்தாமல், அது செல்லும்போதே அளப்பது என்பதை இங்கு மனங்கொள்ளுதல் வேண்டும்.

1948ஆம் ஆண்டு யூன் 21ஆந் திகதி மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்தில் வில்லியம்ஸ், கில்பேண், ரூற்றில் ஆகியோர் அமைத்த சிறு பொறி, நினைவகத்திற் சேமித்த நிரலொன்றை முதன்முதலாக இயக்கியது. கதோட்டுக் கதிர்க் குழாயையே நினைவகமாகக் கொண்டிருந்த அப்பொறியில், நினைவகத்தின் உள்ளடக்கத்தை அவ்வாறே எதிரொளிக்கும் இன்னொரு குழாயும் இருந்தது. ஒளிப்புள்ளிகளாகத் தோன்றும் 32 வரிகள், வரிக்கு 32 இடங்கள். விடையை அறிவதும் வழுவை அறிவதும் அத்திரையிலேதான். 2இன் 18ஆம் அடுக்கின் மிகப்பெரிய காரணியைத் தேடி 52 நிமிடங்கள் ஓடிய அந்நிரலின் ஒவ்வோர் அசைவும் பார்ப்பவர் கண்முன்னே மின்னிற்று. பொறியின் உள்ளமும் முகமும் ஒன்றாகவே இருந்த காலம் அது எனலாம்.

அந்நிலை நீடிக்கவில்லை. 1949ஆம் ஆண்டு மே மாதம் கேம்பிறிட்ஜில் எட்சாக் இயங்கத் தொடங்கியது. மொறிஸ் வில்க்ஸ் அவ்வாண்டு யூன் மாதத்தில் ஏரியின் வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்ப்பதற்கு எழுதிய நிரல் 126 வரிகளைக் கொண்டது. அதில் ஏறத்தாழ 20 பிழைகள் இருந்தன. தமது வாழ்நாளின் எஞ்சிய பகுதியிற் பெரும்பங்கு தம் நிரல்களின் பிழைகளைத் தேடுவதிலேயே செல்லப்போகின்றது என்ற உணர்வு மாடிப்படி ஏறும்போது தமக்கு உதித்ததாக அவர் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளார். பொறியை நிறுத்தி ஒவ்வோர் அடியாக நகர்த்திக் கதோட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருத்தல் பொறிநேரத்தை விழுங்குமென்பதை அங்கிருந்தோர் விரைவில் உணர்ந்தனர். ஸ்ரான்லி கில் 1951இல் வெளியிட்ட ஆய்வுரையில் வேறொரு வழியை விளக்கினார். நிரல் ஓடும்போதே, நிறைவேறும் கட்டளை ஒவ்வொன்றுக்கும் உரிய எழுத்தை அச்சிடும் துணைநிரலொன்றை அதனுடன் சேர்ப்பதே அவ்வழி. நிரலாளர் அத்தாளை எடுத்துச்சென்று தம் மேசையில் அமர்ந்து படிக்கலாம்.

இவ்விடத்தில் இரு மரபுகள் பிரிகின்றன. ஒன்று நிறுத்திப் பார்த்தல். மற்றது ஓடவிட்டுப் பதிதல். முன்னைய மரபில் 1961ஆம் ஆண்டளவில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்திற் பீடிபி 1 என்னும் பொறிக்கு எழுதப்பட்ட டிடிற்றி புகழ்பெற்றது. பூச்சிகொல்லியின் பெயரையே அதற்கு வைத்தனர். பின்னைய மரபுக்குச் சிறந்த வழக்கறிஞர் யூனிக்ஸ் வட்டத்தைச் சேர்ந்த பிறையன் கேணிகன். ஆழ்ந்து சிந்தித்தலும், தக்க இடங்களில் வைத்த சில அச்சுக் கட்டளைகளுமே வழுகாண்பதற்கு மிகப் பயனுள்ள கருவிகள் என அவர் 1970களின் இறுதியில் எழுதினார். உலாவிகளின் வரலாறு இவ்விரு மரபுகளுக்கிடையிலான ஊசலாட்டமே.

ரிம் பேணர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டில் உருவாக்கிய முதலாவது உலாவி ஆவணங்களைக் காட்டுவதற்கானது. ஆவணம் பிழையாகத் தோன்றின் அதன் மூலவுரையைத் திறந்து படித்தாற் போதும். 1995ஆம் ஆண்டு மே மாதத்தில் நெற்ஸ்கேப் நிறுவனத்தின் பிறென்டன் ஐக் பத்து நாள்களிற் படைத்த மொழி இந்நிலையை மாற்றியது. அவ்வாண்டு டிசெம்பரில் ஜாவாஸ்கிரிப்ட் என்னும் பெயருடன் அது அறிவிக்கப்பட்டது. ஆவணம் நிரலாயிற்று. ஆனால் அந்நிரலை எழுதுவோருக்குப் பொறியின் உள்ளத்தைக் காட்டும் சாளரம் எதனையும் எவருந் தரவில்லை. அச்சுக் கட்டளைகூட இருக்கவில்லை. அச்சிடுவதற்குரிய இடமே உலாவியில் இல்லாதிருந்தது.

எனவே கைக்கெட்டியதை எடுத்துக்கொண்டனர். பயனருக்கு எச்சரிக்கை விடுப்பதற்கென அமைந்த ‘அலேட்’ என்னும் சிறு பெட்டி வழுகாண் கருவியாயிற்று. மாறியின் பெறுமதியை அறிய வேண்டுமா? அதனை எச்சரிக்கையாக்கி விடுக. நூறு முறை சுழலும் வளையத்தினுள் அதனை வைத்தவர் நூறு முறை பொத்தானை அழுத்தினார். சிலர் உலாவியின் அடிப்பட்டையில் எழுதிப் பார்த்தனர். ஆவணத்திலேயே எழுதும் கட்டளையைப் பயன்படுத்தியோர், பக்கம் முற்றாக ஏற்றப்பட்டபின் அக்கட்டளை முழுப் பக்கத்தையும் அழித்துவிடுவதைக் கண்டு அதிர்ந்தனர்.

‘அலேட்’ பெட்டியின் குறை அலுப்புத் தருவது மட்டுமன்று. அது நிரலை நிறுத்திவிடும். பக்கத்திலிருந்த குவியத்தையும் பறித்துக்கொள்ளும். சேவையகத்திலிருந்து தரவு வந்துசேர்வதற்கு முன்னரே அதனைப் பயன்படுத்த முயலும் நிரலொன்றைக் கருதுக. வழு அவ்விரைவிலேயே உள்ளது. அதனைக் காண்பதற்காக இடையே ஓர் எச்சரிக்கைப் பெட்டியை வைத்தால், நிரலாளர் பொத்தானை அழுத்துவதற்குள் தரவு வந்துவிடும், வழு மறையும். பெட்டியை நீக்கின் மீண்டும் தோன்றும். நோக்கும்போது மறையும் இத்தகைய வழுக்களுக்குப் பௌதிக அறிஞர் ஹைசன்பேர்க்கின் பெயரைத் தழுவி இட்ட பெயரை ஜிம் கிறே 1985ஆம் ஆண்டின் ஆய்வறிக்கையொன்றில் எடுத்தாண்டுள்ளார். சாட்சியே குற்றத்தின் போக்கை மாற்றிவிடும் இவ்விடரைக் கேம்பிறிட்ஜில் கில் எதிர்கொண்டதிலும் கடுமையாக உலாவி நிரலாளர் எதிர்கொண்டனர். அவர்தம் நிரல் வலையமைப்புக்கும் பயனருக்கும் ஒருங்கே காத்திருந்தது.

உலாவிகள் தாமாகச் செய்ததும் மிகுதியன்று. நெற்ஸ்கேப்பின் நான்காம் பதிப்பு வரிசையிற் பிழைச் செய்திகளைத் திரட்டிக் காட்டும் சாளரமொன்று வந்தது. அதனைத் திறக்க முகவரிப் பட்டையில் மொழியின் பெயரையும் முக்காற்புள்ளியையும் தட்டெழுத வேண்டுமென அறிந்தோர் சிலரே. இன்ரநெற் எக்ஸ்புளோறர் தன் அடிப்பட்டையின் மூலையிற் சிறு மஞ்சள் முக்கோணமொன்றைக் காட்டியது. வேறு சில வழுக்களுக்கு அதுவுமில்லை. தமிழிலக்கணத்தார் வழு, வழாநிலை, வழுவமைதி என மூன்றாகப் பகுப்பர். ஜாவாஸ்கிரிப்டில் மூன்றாவதற்கும் எடுத்துக்காட்டு உண்டு: வெறுமையைக் குறிக்கும் பெறுமதியின் வகை யாதெனக் கேட்டால், முதலாவது ஆக்கத்தில் நேர்ந்த தவறினால், ‘தரவுப்பொருள்’ என விடை வரும். திருத்தினால் ஏற்கெனவே எழுதப்பட்ட பக்கங்கள் குலையுமென அஞ்சி அதனை அமைத்துக்கொண்டனர். பவணந்தியார் வியந்திருக்க மாட்டார்.

2004ஆம் ஆண்டில் ஜிமெயிலும் 2005இல் கூகிள் வரைபடங்களும் வெளிவந்தன. பக்கத்தை மீள ஏற்றாமலே சேவையகத்துடன் உரையாடும் இம்முறைக்கு ஜெசி ஜேம்ஸ் கறற் 2005 பெப்ரவரியில் ‘ஏஜாக்ஸ்’ எனப் பெயரிட்டார். எச்சரிக்கைப் பெட்டியால் இனி ஆகாது என்பது வெளிப்படையாயிற்று. இக்காலத்திலேயே பக்கத்தினுட் பதிவேடு வரையுங் கருவிகள் பல தோன்றின. 2005இல் வந்த மொச்சிகிற் நூலகத்திற் பதிகைக்கெனத் தனிப்பகுதி இருந்தது. 2006இல் யாகூ வெளியிட்ட இடைமுக நூலகமும் இழுத்து நகர்த்தத்தக்க பதிகைப் பலகமொன்றைக் கொண்டிருந்தது. ஜாவா மொழியின் புகழ்பெற்ற பதிகைக் கருவியைப் பின்பற்றி லொக்4ஜாவாஸ்கிரிப்ட் எழுந்தது. பிளாக்பேட் என்னுங் கருவி எஃப்2 விசையை அழுத்தினாற் கரும்பலகையொன்றைப் பக்கத்தின்மீது விரித்து, செய்திகளை அவற்றின் தரத்துக்கேற்ற குறிகளுடன் காட்டிற்று.

இவற்றின் அமைப்பு மேலோட்டமாகப் பார்ப்போருக்கு எளிதாகத் தோன்றும். திரையின் மூலையில் நிலையாக நிற்கும் பெட்டியொன்று. அதனுட் புதிய வரியைச் சேர்க்கும் செயற்கூறு ஒன்று. பிடிபடாத பிழைகள் யாவும் வந்துவிழும் உலாவிநிகழ்வுடன் ஓர் இணைப்பு. ஆயினும் கட்டியவர்கள் கண்ட இடர்கள் பல. பக்கத்தின் அழகமைப்பு விதிகள் பலகத்தினுள்ளும் பாய்ந்து அதனை உருக்குலைக்கும். 2010களில் நிழல் ஆவணமரம் என்னும் வசதி வரும்வரை இதற்கு முறையான தடுப்பு இருக்கவில்லை. பதியப்படும் செய்தியை வெற்றுரையாக இடாமல் மீயுரையாக இட்டால், செய்தியிலுள்ள குறியே கட்டளையாகிப் பலகத்தை உடைக்கும். தன்னைத்தானே சுட்டும் தரவுப்பொருளை எழுத்தாக்க முயன்றாற் பதிகைக் கருவியே பிழைபட்டு நிற்கும். பலகத்தை வரையும் செயல் தானும் ஒரு நிகழ்வை எழுப்பி, அந்நிகழ்வு மீண்டும் பதியப்பட்டு, முடிவிலாச் சுழலாகிவிடுவதும் உண்டு. வரிகளுக்கு எல்லை வகுக்காவிடின் நினைவகம் நிறைந்து பக்கம் தளரும். செய்தி ஒவ்வொன்றுக்கும் திரையை மீள வரையாது, திரட்டிவைத்து ஒருசேர வரைவதே நேரங் குலையாதிருக்க வழி. எச்சரிக்கைப் பெட்டியின் பழைய இடர் இங்கு உருமாறி நிற்பதைக் காணலாம். நோயாளியின் உடலுக்குள் இருந்துகொண்டே நோயைக் குறித்தெழுதும் மருத்துவனின் நிலை அது.

ஜோ ஹெவிற் 2006ஆம் ஆண்டு சனவரியில் வெளியிட்ட பயர்பக் இந்நிலைக்கு மாற்றாக அமைந்தது. பயர்பொக்ஸ் உலாவியின் தோற்றத்திற் பங்குகொண்ட அவர், பக்கத்துக்கு வெளியே, உலாவியின் நீட்சியாக அதனை அமைத்தார். பதிகைச் சாளரமும், பக்கத்தின் மரவமைப்பைக் காணும் வசதியும், சேவையகத்துடனான உரையாடல்களைக் கண்காணிக்கும் ஏற்பாடும் அதில் ஒருங்கே இருந்தன. ஓராண்டின்பின் வந்த 1.0 பதிப்பில் நிரலை நிறுத்திப் பார்க்கும் கருவியும் வலையமைப்பின் காலவரைபடமும் இருந்தன. கேம்பிறிட்ஜிற் பிரிந்த இரு மரபுகள் ஒரே சாளரத்தின் இரு தாள்களாக அருகருகே அமைந்தன. ‘கொன்சோல்’ என்னும் பெயரில் இன்று உலாவிகள் யாவும் வழங்கும் பதிகைக் கட்டளைகள் பயர்பக்கின் வழிவந்தவை. வெப்கிற்றின் ஆய்வுச் சாளரமும் 2006இலேயே அறிமுகமாயிற்று. 2008 செப்ரெம்பரில் வெளிவந்த குறோம் அதனைத் தழுவிக்கொண்டது.

2009இல் வந்த இன்ரநெற் எக்ஸ்புளோறர் 8இன் கதை தனியே சொல்லத்தக்கது. அதிலும் கருவிச் சாளரம் உண்டு. ஆனால் அச்சாளரம் திறந்திருந்தால் மட்டுமே ‘கொன்சோல்’ என்னும் பொருள் பக்கத்துக்குக் கிடைக்கும். நிரலாளர் தம் பதிகைக் கட்டளையொன்றை நீக்க மறந்தால், சாளரம் மூடியிருக்கும் பயனரின் கணினியில் அக்கட்டளையே பிழையாகி நிரல் முழுவதையும் நிறுத்திவிடும். முறைப்பாடு கேட்ட நிரலாளர் சாளரத்தைத் திறந்து பார்ப்பார். எல்லாம் செவ்வனே இயங்கும். இல்லாத இடத்திற் போலிப் பொருளொன்றை வைக்கும் சில வரிகளை ஒவ்வொரு தளத்தின் தலைப்பிலும் சேர்ப்பது நெடுநாள் வழக்காயிருந்தது. வெளியே நிற்கும் சாட்சியும் பக்கத்தைத் தொடாமல் நிற்பதில்லை.

அது சொல்வதும் எப்போதும் நிகழ்ந்ததன்று. தரவுப்பொருளொன்றைப் பதிந்தால், குறோம் சாளரம் அதன் நிழற்படத்தை அன்றி அதனையே சுட்டி நிற்கும். பின்னர் முக்கோணத்தை அழுத்தி விரிப்பவர் காண்பது பதிந்த கணத்தின் நிலையையன்று, விரித்த கணத்தின் நிலையை. இப்பெறுமதி விரிக்கும்போது கணிக்கப்பட்டது, பின் மாறியிருக்கலாம் என்ற குறிப்பை ஒரு சிறு அடையாளத்தின் பின்னே உலாவி வைத்துள்ளது. அவ்வடையாளத்தைக் கவனியாது மணிக்கணக்கில் அலைந்தோர் தொகை சிறிதாயிராது. ஏட்டிலொட்டிய அந்துப்பூச்சி பின்னர் வண்ணத்துப்பூச்சியாக மாறுவதில்லை. பக்கத்தினுட் பதியும் எளிய பலகங்கள், பெறுமதியை அக்கணமே எழுத்தாக்கிவிடுவதனால், இவ்வொரு விடயத்தில் மேம்பட்டனவாகும்.

பயர்பக்கின் வெற்றியால் உட்பலகங்கள் மறைந்தன எனும் முடிவு பொருந்தாமைக்கு இன்னொரு காரணம் கைபேசி. 2007இல் ஐபோன் வந்தது. அதன் சிறிய திரையிற் கருவிச் சாளரத்துக்கு இடமில்லை. அதன் உலாவியில் எளிய பிழைப்பட்டையொன்று சிலகாலம் இருந்தது. 2012இல் ஆறாம் பதிப்புடன் அது நீக்கப்பட்டு, கம்பியால் இணைத்த மக் கணினியிலிருந்து பார்க்கும் முறை புகுத்தப்பட்டது. அக்கணினி இல்லாதவர் என்செய்வர்? பிற செயலிகளின் வயிற்றினுள் திறக்கும் பக்கங்களின் நிலை இன்னும் இடர்மிக்கது. சீனத்து வீசற் செயலியினுட் பெருந்தொகையான பக்கங்கள் இயங்கத் தொடங்கியபோது, அதனை நடத்தும் ரென்சென்ற் நிறுவனமே வீகொன்சோல் என்னும் உட்பலகத்தைத் திறந்த மூலமாக வெளியிட்டது. எருடா என்பது அதனையொத்த மற்றொன்று. இரண்டும் செய்வது 2005இன் கருவிகள் செய்ததையே: உலாவியின் பதிகைக் கட்டளைகளை இடைமறித்து, மூலக்கட்டளையையும் மறவாது அழைத்து, செய்தியைப் பக்கத்தின்மீதே வரைதல். அவ்வாறு இடைமறிப்பதனால் உலாவியின் சாளரம் ஒவ்வொரு செய்தியும் பலகத்தின் நிரலிலிருந்தே பிறந்ததாக வரியெண் காட்டும் என்பது அவற்றோடு கூடப் பிறந்த குறை.

பயர்பக்கின் ஆயுள் 2017இல் முடிந்தது. அவ்வாண்டு பயர்பொக்ஸ் தன் உள்ளமைப்பை மாற்றியபோது பழைய நீட்சிகள் இயங்காதொழிந்தன. மொசில்லா அதற்கு விடைகொடுத்தது. அதன் பதிகைக் கட்டளைகளோ எஞ்சின. வற்விக் என்னும் குழுவினர் பேணும் தரநிர்ணய ஆவணமொன்றில் அவற்றின் பெயர்களும், தரநிலைகளும், தொகுப்பு முறையும், எண்ணும் முறையும் ஒவ்வொன்றாக வரையறுக்கப்பட்டுள்ளன. செய்தியை இறுதியாக எவ்வாறு கண்ணுக்குக் காட்டுவது என்ற இடத்தில் மட்டும் அவ்வாவணம் விதி எதுவும் கூறாது, ஆக்குவோரின் விருப்பத்துக்கே அதனை விட்டுவிடுகின்றது.